தகுதி பெற்ற எல்லோரையும் தானாகவே ஏபி வகுப்பில் சேர்க்கும் திட்டம்: தமிழ்ப் பெற்றோர் எதிர்ப்பது சரியா?

#1 நெய்தல்_அம்மா

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பள்ளி மாவட்டத்தில் அடுத்த மாதம் பள்ளி வாரியக் கூட்டம். மாநிலத் தேர்வில் குறிப்பிட்ட அளவை எட்டிய ஒவ்வொரு மாணவரையும் அடுத்த ஆண்டின் கடினமான பாடப்பிரிவில் பள்ளியே தானாகச் சேர்த்துவிட வேண்டும், வேண்டாம் என்பவர்கள் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்று ஒரு தீர்மானம் வருகிறது. உயர்நிலைப் பள்ளியில் அது ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்ற கல்லூரி நிலை வகுப்புகள் வரை போகும். எங்கள் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பெரும்பாலோர் இதை எதிர்க்கிறார்கள். கூட்டத்தில் எதிர்த்துப் பேச ஆள் திரட்டுகிறார்கள். நான் ஆதரித்துப் பேசப் போகிறேன்.

இப்போது நடப்பது என்ன என்று சொல்கிறேன். பிப்ரவரியில் பிள்ளைகள் கையில் பாடத்தேர்வுத் தாள் வரும். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம். ஏபி வேண்டுமென்றால் நடப்பு ஆண்டின் ஆசிரியர் அந்தக் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். அவர் இடாவிட்டால் அத்தோடு முடிந்தது என்று பெரும்பாலான குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. ஆனால் அலுவலகத்தில் கேட்டால் இன்னொரு தாள் கொடுப்பார்கள். "ஆசிரியரின் பரிந்துரையை மீறிச் சேர்க்கிறேன், விளைவுகளுக்கு நானே பொறுப்பு" என்ற பொருளில் நான்கு வரி, கீழே பெற்றோர் கையெழுத்து. கையெழுத்துப் போட்டால் பிள்ளை வகுப்பில் இருக்கும். அந்தத் தாள் பள்ளியின் இணையதளத்தில் கிடையாது. எங்கள் குழுவில் மட்டும் அதன் படம் ஜனவரியிலேயே சுற்றத் தொடங்கிவிடும்.

என் மகளுக்கு ஏபி வேதியியல் கிடைத்தது அந்தத் தாளால்தான். அவளோடு ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கும் தோழிக்குக் கிடைக்கவில்லை. மாநிலத் தேர்வில் அந்தப் பெண் என் மகளைவிடக் கூடுதலாகவே வாங்கியிருந்தாள். அவளுடைய அம்மா கிடங்கில் இரவுப் பணி செய்பவர். அப்படி ஒரு தாள் இருப்பதே அவருக்குத் தெரியாது, சொல்ல ஆளும் இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது வீட்டுக்குச் சரியாக இருக்கலாம். வரிப்பணத்தில் நடக்கும் பள்ளிக்கு அது விதியாக இருக்கக் கூடாது.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் தெரிந்த விவரங்களையும் எழுதுங்கள். எதிர்க் கருத்தையும் முழுமையாகக் கேட்க விரும்புகிறேன்.

#2 எடிசன்_தந்தை

சகோதரி, உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் நான் எதிர்க்கும் பக்கம்தான்.

ஏபி என்பது கல்லூரி முதலாண்டுப் பாடம். அடித்தளம் இல்லாத பிள்ளைகளை அதில் உட்கார வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். ஆசிரியர் வேகத்தைக் குறைப்பார், அல்லது அந்தப் பிள்ளைகள் மூழ்கிப் போவார்கள். மே மாதத் தேர்வில் ஐந்துக்கு 1 அல்லது 2 வாங்கி என்ன பயன்? 3-க்குக் கீழே கல்லூரிகள் பொதுவாகக் கிரெடிட் தருவதில்லை, அதாவது அதைப் படித்து முடித்த கல்லூரிப் பாடமாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு "நீ கல்லூரிக்கு லாயக்கில்லை" என்று முத்திரை குத்தி அனுப்புவது உதவியா?

இன்னொன்று. இங்கே நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2015-ல் வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்பரோ பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் பெற்றோருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய கல்வியாண்டில் 120 மாணவர்களை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது, 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்று அதில் இருந்தது. நம்மவர் பிள்ளைகள் நிறைந்த ஊர் அது. இந்த ஓட்டத்தில் இன்னும் பலரை இழுத்துவிடுவதைச் சமத்துவம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

#3 கேரிவாசி

வட கரோலினாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே இது 2018-லிருந்து கணிதத்தில் சட்டமாகவே இருக்கிறது. ஆண்டிறுதி மாநிலத் தேர்வில் மிக உயர்ந்த நிலையைத் தொட்ட மாணவருக்கு அடுத்த ஆண்டு உயர்நிலைக் கணிதத்தில் இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

அந்தச் சட்டம் தானாக வரவில்லை. 2017-ல் ராலே, சார்லட் நாளிதழ்கள் இரண்டும் சேர்ந்து மாநிலத்தின் தேர்வு விவரங்களை வாங்கி அலசின. ஒரே மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போவதும், ஏழை வீட்டுப் பிள்ளைகள் விடுபடுவதும் ஆண்டுக்கு ஆண்டு நடந்திருந்தது. அடித்தளம் இல்லாதவர்கள் என்கிறாரே எடிசன் நண்பர், இவர்கள் மாநிலத்திலேயே முதல் வரிசை மதிப்பெண் வாங்கியவர்கள்.

ஏபிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் படிக்காத பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸுக்கு (நுண்கணிதம்) வந்து சேர்வது மிகக் கடினம். பதினோரு வயதில் எந்தக் கணித வரிசையில் நிறுத்தினார்களோ, பதினேழு வயதில் எந்த ஏபி என்பதை அதுவே தீர்மானித்துவிடுகிறது. டெக்சஸும் 2023-ல் இதே வழிக்கு வந்தது. ஐந்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் மேல் 40 விழுக்காட்டில் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பின் உயர்நிலைக் கணிதத்தில் தானாகச் சேர்க்க வேண்டும் என்கிறது அங்குள்ள சட்டம்.

#4 ஏடும்_எழுத்தும்

நீங்கள் கூட்டத்தில் பேசப் போவதால் இதன் பழைய கதையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

ஏபி எல்லோருக்காகவும் பிறந்த திட்டம் கிடையாது. 1950-களின் தொடக்கத்தில் ஆண்டோவர், எக்சிட்டர், லாரன்ஸ்வில் என்ற மூன்று பெரிய தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து யோசித்தன. பள்ளியில் படித்ததையே கல்லூரியில் திரும்பப் படித்து நல்ல மாணவர்கள் ஓராண்டை வீணாக்குகிறார்களே என்பது அவர்கள் கவலை. ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்தது. 1955-ல் காலேஜ் போர்டு என்ற தேர்வு நடத்தும் அமைப்பு பொறுப்பை எடுத்துக்கொண்டது. அதாவது ஏற்கெனவே முன்னால் நின்றவர்களை இன்னும் வேகமாக அனுப்ப வந்த ஏற்பாடு இது.

மற்றவர்களும் ஏறலாம் என்று நாட்டுக்குக் காட்டியது கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி. உழைக்கும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி. பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலான்டே அங்கே கணித ஆசிரியர். 1982-ல் அவருடைய மாணவர்கள் 18 பேர் ஏபி கால்குலஸில் தேறினார்கள். தேர்வு நடத்தியவர்கள் 14 பேர்மீது சந்தேகப்பட்டு மறுபடி எழுதச் சொன்னார்கள். 12 பேர் எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள். எனக்கு இதில் மறக்க முடியாதது அந்தச் சந்தேகம்தான். ஆனால் எஸ்கலான்டே அந்தப் பள்ளிக்கு வந்தது 1974-ல் என்பதையும் கவனியுங்கள். கோடை வகுப்புகள், கீழ் வகுப்புக் கணிதத்தைச் சீர்ப்படுத்தியது, துணை நின்ற தலைமையாசிரியர் என்று பல ஆண்டு வேலை அந்த ஒரு மே மாதத்துக்குப் பின்னால் இருக்கிறது.

பிறகு 1999. இங்கிள்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சார்பில் ஏசிஎல்யூ என்ற குடிமை உரிமை அமைப்பு கலிஃபோர்னியா மாநிலத்தின் மீது வழக்குப் போட்டது. அந்தப் பள்ளியில் ஏபி பாடங்கள் மூன்று மட்டுமே, கணிதத்திலோ அறிவியலிலோ ஒன்றுகூடக் கிடையாது. சில மைல் தூரத்தில் இருக்கும் பெவர்லி ஹில்ஸ் பள்ளியின் பட்டியலோ நீண்டு கிடந்தது. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பல்கலைக்கழகத்துக்குத்தான் விண்ணப்பித்தார்கள். ஏபி பாடங்களுக்குக் கூடுதல் மதிப்புப் புள்ளி கிடைப்பதால் இங்கிள்வுட் பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்தாலும் விண்ணப்பத்தில் பின்தங்கியே நிற்க வேண்டியிருந்தது.

2018-ல் இன்னொரு திருப்பம். வாஷிங்டன் நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த எட்டுத் தனியார் பள்ளிகள், சிட்வெல் ஃபிரெண்ட்ஸ் உட்பட, ஏபியைக் கைவிடப் போகிறோம் என்று கூட்டாக அறிவித்தன. அவர்களால் விட முடியும். அவர்கள் பள்ளிப் பெயரைப் பார்த்தே கல்லூரிகள் தரத்தைப் புரிந்துகொள்ளும். பெயர் தெரியாத பள்ளியின் மாணவனுக்கு வெளியாள் திருத்திய ஒரு தேர்வு மதிப்பெண் வேண்டியிருக்கிறது.

#5 எடிசன்_தந்தை

வரலாற்றுக்கு நன்றி. ஆனால் கார்ஃபீல்டு கதை என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. எட்டு ஆண்டு அடித்தளம் போட்ட பிறகு தேர்வு. இவர்கள் வாரியத் தீர்மானத்தில் அந்த எட்டு ஆண்டு எங்கே இருக்கிறது? கணினியில் ஒரு கட்டளை கொடுத்து எல்லோரையும் பட்டியலில் ஏற்றிவிட்டு, பங்கேற்பு உயர்ந்துவிட்டது என்று அறிக்கை கொடுப்பார்கள். ஒவ்வொரு தேர்வுத் தாளுக்கும் காலேஜ் போர்டுக்குப் பணம் போகும்.

#6 கரும்பலகை

டெக்சஸில் பொதுப் பள்ளி ஆசிரியை. ஏபி வேதியியல் எடுக்கிறேன். நீண்ட பதிலுக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடிசன் நண்பரின் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன், ஏனென்றால் அதை வகுப்பறையில் தினமும் பார்க்கிறேன். சேர்த்துவிட்டுக் கைவிட்டால் பிள்ளைகள் நொறுங்கத்தான் செய்வார்கள். ஏபி அறிவியல் வகுப்பில் குலுக்கல் முறையில் மாணவர்களைச் சேர்த்து நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. சேர்ந்த பிள்ளைகளின் அறிவியல் திறன் கூடியது. கூடவே மன அழுத்தமும் கூடியது, தன்னம்பிக்கை குறைந்தது. இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் சொல்லி வாரியத்திடம் வாதிடாதீர்கள் அம்மா, எதிர்த்தரப்பு இரண்டாவதை எடுத்துப் படிக்கும்.

என்ன செய்தால் நிற்கிறார்கள்? 1996-ல் டல்லாஸில் பத்துப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆசிரியருக்குப் பயிற்சி, நடுநிலைப் பள்ளியிலிருந்தே தயாரிப்புப் பாடம், கூடுதல் வகுப்புகள், தேறினால் மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஊக்கத்தொகை. பணம் கொடுத்துப் படிக்க வைப்பதா என்று அப்போது சண்டையே நடந்தது. பின்னால் கிராபோ ஜாக்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து பார்த்ததில், அந்தப் பள்ளிகளிலிருந்து கல்லூரிக்குப் போனவர்கள் கூடியிருந்தார்கள்.

இப்போது என் வகுப்பு. செப்டம்பர் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், யாருக்கு விகிதக் கணக்கு தடுமாறுகிறது என்று. வேதியியல் புரியாததால் தடுமாறுவதில்லை. மோல் கணக்கில் அலகு மாற்றும்போது எதை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது என்ற இடத்தில் கை நின்றுவிடும். அதைச் சரிசெய்ய ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் நின்றால் பள்ளிப் பேருந்து போய்விடும். கார் உள்ள வீட்டுப் பிள்ளை நிற்கும். மற்றது போய்விடும். அக்டோபரில் "இந்தப் பிள்ளைக்கு ஏபி ஒத்துவரவில்லை" என்று கவுன்சிலர், அதாவது பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர், வகுப்பை மாற்றிவிடுவார். பேருந்து இல்லாததைத் திறமை இல்லை என்று பதிவேட்டில் எழுதுகிறோம்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். பரிந்துரைக்கும் இடத்தில் இருப்பவர்கள் நாங்கள். எங்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் கிடையாது. கடைசி மணி அடிக்கும் நேரத்தில் முப்பது தாள்களில் கையெழுத்துக் கேட்கும்போது, வீட்டுப்பாடத்தை ஒழுங்காகக் கொண்டுவருபவர், கையை உயர்த்துபவர், பெற்றோர் மின்னஞ்சல் அனுப்பும் மாணவர், இவர்கள் முகம்தான் முதலில் நினைவுக்கு வரும். மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை வீட்டுப்பாடத்தில் பின்தங்கும். பிஎஸ்ஏடி என்ற முன்னோட்டத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து எந்த மாணவர் எந்த ஏபியில் தேறக்கூடும் என்று காலேஜ் போர்டே பள்ளிகளுக்குப் பட்டியல் கொடுக்கிறது. அந்தப் பட்டியலைத் திறந்தே பார்க்காத பள்ளிகள் உண்டு. திறந்து பார்த்தால் ஆசிரியர் நினைவுக்கு வராத பெயர்கள் அதில் இருக்கும்.

#7 புதுவரவு

வணக்கம். சென்னையிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, மகன் பத்தாம் வகுப்பு. பொதுப் பள்ளியில் ஏபி தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா? பள்ளிப் படிப்பு இலவசம் என்றல்லவா சொன்னார்கள்?

#8 கரும்பலகை

வகுப்பு இலவசம். தேர்வுக்குப் பணம் உண்டு தம்பி. 2025 மே தேர்வுக்கு ஒரு பாடத்துக்கு 99 டாலர். குறைந்த வருமானக் குடும்பம் என்றால் காலேஜ் போர்டு 37 டாலர் கழிக்கும், பள்ளியும் தன் பங்கான 9 டாலரை விட்டுக்கொடுத்தால் 53 டாலர். மூன்று பாடம் எழுதும் பிள்ளைக்கு அதுவே 159. முன்பு இதற்கென்றே மத்திய அரசின் தனி நிதி இருந்தது. 2015-ல் வந்த கல்விச் சட்டம் அதைப் பொதுவான ஒரு மானியத்துக்குள் கரைத்துவிட்டது. அதன் பிறகு மீதிப் பணத்தைக் கட்டுவது மாநிலத்தைப் பொறுத்தது. ஆர்கன்சஸ், வட கரோலினா போன்ற சில மாநிலங்கள் முழுக் கட்டணத்தையும் ஏற்கின்றன.

பணத்தைவிட எனக்கு வருத்தம் தருவது தேதி. முன்பெல்லாம் மார்ச்சில் பதிவு செய்தோம். 2019-20 முதல் நவம்பர் நடுவிலேயே பதிவு செய்ய வேண்டும். தவறினால் 40 டாலர் கூடுதல். பதிவு செய்து எழுதாமல் விட்டாலும் 40 டாலர். மே மாதத் தேர்வுக்கு நவம்பரிலேயே "எழுதுவேன்" என்று சொல்ல, தேறுவேன் என்ற நம்பிக்கையும் கையில் பணமும் இரண்டும் வேண்டும். என் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி பதிவு செய்யவில்லை. காரணம் கேட்டபோது அப்பாவுக்கு வேலை நிலையில்லை, கட்டிய பணம் போய்விட்டால் என்ன செய்வது என்றாள்.

உங்கள் மகனுக்கு: செப்டம்பரிலேயே கவுன்சிலரிடம் கட்டணச் சலுகை பற்றிக் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் சில பள்ளிகளில் அந்தப் பேச்சே வரும்.

#9 டெல்டாக்காரி

இந்த இழையில் எல்லோரும் வகுப்பு இருக்கும் பள்ளியைப் பற்றிப் பேசுகிறீர்கள். வகுப்பே இல்லாத பள்ளியிலிருந்து எழுதுகிறேன்.

என் கணவர் மருத்துவர். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்தவர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே இருக்க, மருத்துவர் தட்டுப்பாடுள்ள பகுதியில் மூன்று ஆண்டு வேலை பார்க்க வேண்டும் என்ற விதி உங்களில் பலருக்குத் தெரியும். அப்படித்தான் மிசிசிப்பி டெல்டாவின் ஒரு சிற்றூருக்கு வந்தோம். மூன்று ஆண்டு முடிந்தும் போகவில்லை. ஊர் பிடித்துவிட்டது.

இங்கே உயர்நிலைப் பள்ளியில் ஏபி என்ற பெயரில் ஒரு வகுப்பும் கிடையாது. கணிதத்தின் மேல் வகுப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆசிரியர். அவர் விலகினால் அடுத்த ஆள் கிடைக்க ஆண்டுக் கணக்காகும். இது எங்கள் ஊரின் தனிக்கதையும் இல்லை. மத்திய கல்வித்துறையின் 2015-16 கணக்குப்படி நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் பாதியில்தான் கால்குலஸ் இருந்தது. கறுப்பின, லத்தீன் மாணவர்கள் மிகுந்த பள்ளிகளில் 38 விழுக்காட்டில்தான். தானாகச் சேர்ப்பதற்கு முதலில் வகுப்பு வேண்டாமா?

எங்கள் மகன் இணைய வழியில் படித்தான். நூலகத்தின் மூலையில் ஒரு மேசை, ஒரு கணினி, சந்தேகம் கேட்க யாரும் இல்லை. இரவில் அவன் அப்பா உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். தேர்வு எழுத இடம் வேண்டும் அல்லவா? வெளி மாணவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பள்ளிக்கும் கிடையாது. தொலைபேசியில் ஒவ்வொரு பள்ளியாகக் கேட்டு, கடைசியில் ஒன்றரை மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு பள்ளி ஒப்புக்கொண்டது. காலை எட்டு மணித் தேர்வுக்கு முந்தைய இரவே போய் விடுதியில் தங்கினோம். எங்களால் முடிந்தது. கணவரின் மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலி உதவியாளரின் மகளும் என் மகனும் ஒரே வகுப்பு, கணிதத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. அவளுக்கு இதில் எந்தப் படியுமே கைக்கு எட்டியிருக்காது.

வழி இல்லாமலும் இல்லை. 2017 முதல் மிசிசிப்பியின் கிராமப்புறப் பள்ளிகள் சில கூட்டமைப்பாகச் சேர்ந்து குளோபல் டீச்சிங் புராஜெக்ட் என்ற அமைப்போடு ஏபி இயற்பியலைக் கொண்டுவந்தன. பாடம் காணொளியில், பல்கலைக்கழக மாணவர்கள் இணைய வழியில் துணைப்பாடம், வகுப்பில் உள்ளூர் ஆசிரியர் ஒருவர். அந்த ஒருவர் வகுப்பில் இருப்பதுதான் என் மகனுக்குக் கிடைக்காத பேறு. ஆற்றுக்கு அக்கரையில் ஆர்கன்சஸைப் பாருங்கள். கணிதம், அறிவியல், ஆங்கிலம், சமூக அறிவியல் நான்கிலும் தலா ஒரு ஏபியாவது எல்லாப் பள்ளி மாவட்டங்களிலும் இருக்க வேண்டும் என்று 2003-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மிசிசிப்பி அளவுக்கே வசதி குறைந்த மாநிலம் அது.

#10 கல்லூரிப்படி

கம்யூனிட்டி கல்லூரியில் (இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி) ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஏபியையே சுற்றிப் பேசுகிறோம், இரட்டைச் சேர்க்கையை யாரும் தொடவில்லை. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடத்தில் சேர்ந்து, தேறினால் கல்லூரி கிரெடிட்டே கிடைக்கும் முறை. மே மாதத்தின் ஒரே ஒரு தேர்வை நம்பியிருக்க வேண்டாம், பருவம் முழுவதும் செய்த வேலைக்கு மதிப்பெண். 1985-ல் மின்னசோட்டா தொடங்கியது. 2022-23-ல் நாடு முழுவதும் சுமார் 25 லட்சம் பேர் இப்படிப் படித்தார்கள். என் வகுப்பிலேயே பதினாறு வயதுப் பிள்ளைகள் முப்பது வயதுத் தாய்மாரோடு அமர்ந்து கட்டுரை எழுதுகிறார்கள். நன்றாகவே எழுதுகிறார்கள்.

சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கட்டடத்திலேயே இந்த வகுப்பை நடத்த வேண்டுமானால் ஆசிரியர் அந்தப் பாடத்தில் 18 முதுநிலைக் கிரெடிட் மணி முடித்திருக்க வேண்டும் என்று தெற்கு மாநிலக் கல்லூரிகளுக்கான தரச்சான்று அமைப்பு எதிர்பார்க்கிறது. டெல்டாக்காரி அம்மா சொன்ன ஊரில் அப்படி ஒருவரை எங்கே தேடுவது? கல்லூரிக்கு நேரில் வர வேண்டுமானால் மறுபடி கார். சில மாநிலங்களில் கல்விக் கட்டணமும் பாடநூல் செலவும் குடும்பத்தின் தலையில். டெக்சஸ் 2023-ல் குறைந்த வருமான மாணவர்களுக்கு அதை இலவசமாக்க வழிசெய்தது, வாஷிங்டன் மாநிலமும் அதே ஆண்டில் பள்ளியிலேயே நடக்கும் கல்லூரி வகுப்புகளுக்குக் கட்டணத்தை நீக்கியது.

பெற்றோருக்கு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. ஏபியில் குறைந்த மதிப்பெண் வந்தால் கல்லூரிக்கு அனுப்பாமல் விட்டுவிடலாம். இரட்டைச் சேர்க்கையில் வாங்கும் டி அல்லது எஃப் என்ற கீழ்த் தரம் கல்லூரிப் பதிவேட்டில் நிலைத்து நிற்கும். பின்னால் கல்லூரியில் சேர்ந்து மத்திய நிதியுதவி கேட்கும்போது "திருப்திகரமான முன்னேற்றம்" என்ற கணக்கில் அதுவும் சேர்ந்து இடிக்கும். ஆக, நிதியுதவி இல்லாமல் படிக்கவே முடியாத பிள்ளைக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். கைவிடக் கடைசித் தேதி எது என்பதைப் பள்ளி ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் மொழியில் எழுதித் தர வேண்டும் என்று வாரியத்தில் கேளுங்கள்.

#11 மயாமிவாசி

தரம் குறையும் என்ற பயத்துக்கு ஒரு பதில். ஃபுளோரிடாவின் பெரிய பள்ளி மாவட்டம் ஒன்றில் மீத்திறன் மாணவர்களுக்கான சிறப்புப் பிரிவுக்குப் பிள்ளைகளை முன்பு ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைப்பார்கள். 2005 வாக்கில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு முதற்கட்டச் சோதனை வைக்கத் தொடங்கினார்கள். தேர்வு அளவுகோலைத் தளர்த்தவே இல்லை. இருந்தும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் தேர்வானது வெகுவாக உயர்ந்தது. அவ்வளவு நாளும் அவர்களை யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ இருவரும் ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். பொருளாதார நெருக்கடியில் பணம் இல்லை என்று அந்தச் சோதனையை நிறுத்தியதும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். வாரியம் முதல் ஆண்டு கைதட்டலோடு நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

#12 எடிசன்_தந்தை

எல்லாவற்றையும் படித்தேன். மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குக் கையெழுத்தைக் காரணம் காட்டி இடம் மறுப்பது அநியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. என் எதிர்ப்பு வேறு இடத்தில். பள்ளி மாவட்டத்தில் இரண்டு ஏபி வேதியியல் பிரிவுகளுக்குத்தான் ஆசிரியர் இருக்கிறார் என்றால், தகுதி பெற்ற தொண்ணூறு பேரை என்ன செய்வார்கள்? நாற்பத்தைந்து பேரை ஒரே அறையில் அடைப்பார்கள். ஆய்வகத்தில் இடம் இருக்காது. பயிற்சி இல்லாத ஒருவரை மூன்றாம் பிரிவுக்கு அனுப்புவார்கள், அந்தப் பிரிவில் எந்த வீட்டுப் பிள்ளைகள் போய் விழுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆசிரியர் நியமனமும் மாலைப் பேருந்தும் அதே தீர்மானத்தில், அதே நிதிநிலை அறிக்கையில் எழுதப்படாதவரை நான் எதிர்த்துத்தான் பேசுவேன்.

#13 நெய்தல்_அம்மா

அண்ணா, உங்கள் கடைசிப் பத்தியை அப்படியே கூட்டத்தில் படிக்க அனுமதி கொடுங்கள். எங்கள் குழுவில் எதிர்ப்பவர்களில் யாரும் இப்படிக் கேட்கவில்லை. "நம் பிள்ளைகளின் தரவரிசை என்னாகும்" என்பதுதான் அங்கே ஓடும் பேச்சு.

வாஷிங்டன் மாநிலத்தின் ஃபெடரல் வே பள்ளி மாவட்டம் இதை 2010-லேயே தொடங்கியது, 2019-ல் அந்த மாநிலம் எல்லாப் பள்ளி மாவட்டங்களுக்கும் கட்டாயமாக்கியது என்று தேடியபோது தெரிந்துகொண்டேன். அங்கே வேலை செய்த விதியை எடுத்துக்காட்டி இப்படிக் கேட்கப் போகிறேன். மாநிலத் தேர்வு மதிப்பெண்ணோ பிஎஸ்ஏடி பட்டியலோ, இரண்டில் எதில் தகுதி பெற்றாலும் சேர்க்கை. விலகும் கடிதத்தில் பெற்றோர் கையெழுத்து கட்டாயம், கவுன்சிலர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. தேர்வுக் கட்டணத்தின் மீதியை மாவட்டமே நவம்பருக்கு முன் கட்டிவிட வேண்டும், குடும்பம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கும் முறை வேண்டாம். பிரிவுக்கு இத்தனை மாணவர்தான் என்ற வரம்பு, அதற்கேற்ற ஆசிரியர் நியமனம், கோடைப் பயிற்சிக்குப் பணம். ஆறாம் வகுப்புக் கணிதத்திலிருந்தே இது தொடங்க வேண்டும், கேரி நண்பர் சொன்ன காரணத்துக்காக. பரிந்துரையை மீறும் அந்தத் தாளைப் பற்றியும் பேசுவேன். குழுவில் கோபப்படுவார்கள், பரவாயில்லை. இரண்டு நிமிடம்தான் தருவார்கள், ஆகவே மீதியை எழுத்தில் கொடுக்கிறேன்.

#14 கரும்பலகை

மாலைப் பேருந்து விட்டுப்போயிற்று.

#15 நெய்தல்_அம்மா

சேர்த்துவிட்டேன், வாரத்துக்கு இரண்டு நாள், மாலை ஐந்து மணிக்கு என்று நேரத்தையும் போட்டிருக்கிறேன். மகளின் தோழியுடைய அம்மாவிடம் நேற்றுப் பேசினேன். கூட்டம் ஏழு மணிக்கு, அவருக்குப் பணி தொடங்குவது எட்டுக்கு. முதல் ஆளாகப் பேச அவர் பெயரைப் பதிவு செய்திருக்கிறோம்.